ஏன் நல்லா வந்துச்சு?

என் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் உடைந்ததைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். பல் போன கியர், தேய்ந்த ஷாஃப்ட், நூலை அறுக்கிற கொக்கி. நாற்பத்திரண்டு வருஷமாக ஆரணியில் லேத் ஓட்டுகிறேன். நன்றாக ஓடுகிற சாமானைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, இது ஏன் நன்றாக ஓடுகிறது என்று கேட்டவர் ஒரே ஒருத்தர்தான். அவர் பேரைச் சொல்ல மாட்டேன். டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டேன், அப்படியே எழுதுகிறேன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர்.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆறாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அடுத்தவன் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டி அள்ளினேன். இன்றைக்கு எனக்கு மூன்று லேத், பசங்கள் பார்த்துக்கொள்கிற கம்ப்யூட்டர் மிஷின் இரண்டு. இந்த ஊர் பவர்லூமில் என் கை படாத ஸ்பேர் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். அரை மில்லி துளையைப் பித்தளையில் கோணாமல் போட இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான் என்று சொன்னால், அது பெருமை இல்லை, விவரம். 'ஒரு பீஸும் திரும்பி வந்ததில்லை' என்று போர்டிலேயே எழுதி வைத்திருந்தேன்.

டாக்டரம்மாவுடைய அப்பா இரண்டு தெரு தள்ளி நான்கு தறி வைத்திருந்தார். மகளைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் பெருமையும் பயமும் சேர்ந்தே வரும். ஒரு நாள் கொக்கிக்காகக் காத்திருந்தபோது சொன்னார்.

"பாப்பா எட்டாவது படிக்கச்சொல்ல கணக்குல நூத்துக்கு நூறு வாங்கிச்சி மேஸ்திரி. சாயங்காலமே வாத்தியார் ஊட்டுக்குப் போயி, 'சார், ஏழாவது கணக்க நான் நடுவுல தப்பாதான் போட்டேன், கடைசில எப்பிடி சரியா வந்துச்சி'ன்னு கேட்டுகினு நின்னுச்சி. அவரு எடுத்துப் பாத்தாரு. ரெண்டு எடத்துல தப்பு. ஒரு தப்ப இன்னொரு தப்பு தின்னுட்டு விடை சரியாயிடுச்சி. நாலு மார்க்க கொறச்சி அனுப்பிட்டாரு."

"அழுதுகினே வந்துச்சா?"

"அழுதிருந்தா பரவால்லியே. சிரிச்சிகினு வந்துச்சி. எனக்குதான் பேஜாராயிடுச்சி."

இதுதான் அவர். தப்பாகப் போனால் ஏன் என்று உலகமே கேட்கும். அவர் சரியாக வந்ததைப் பிடித்துக்கொண்டு ஏன் என்று கேட்பார். வீட்டில் என்றைக்காவது ரசம் வாய்க்கு ருசியாக அமைந்துவிட்டால் அவங்க அம்மா பாடு திண்டாட்டம். இன்னிக்கு இன்னா போட்டே, எத்தினி கொதி விட்டே, புளி புதுசா என்று அடுப்பங்கரையையே சுற்றிச் சுற்றி வருவாராம். "நல்லா இல்லன்னு சண்ட போடற புள்ளைங்கள பாத்துகீறேன். நல்லா இருக்குன்னு சண்டைக்கு வர புள்ள இது ஒன்னுதான்" என்று அந்த அம்மாள் என் வீட்டுக்காரியிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

இன்னொரு தடவை லீவுக்கு வந்திருந்தபோது, அப்பாவின் இரண்டாம் நம்பர் தறி மூன்று நாள் ஒரு நூல்கூட அறாமல் ஓடியது. வீடே சந்தோஷமாக இருக்க, நாலாம் நாள் காலையில் இவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஓடுறதை நோண்டாதே என்று அப்பா கத்தினார். "நோண்டலப்பா, பாக்கறேன். இதே மாதிரி மத்த மூணும் ஓடணுமில்ல?" என்றாராம். பார்த்து முடிக்கிறதற்குள் தறி நின்றுவிட்டது. அப்பா இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் காரணம் கிடைத்துவிட்டது. அந்தத் தறி நிற்கிற மூலையில் மட்டும் பக்கத்து வீட்டுத் தொட்டி கசிந்து சுவர் ஈரமாக இருந்திருக்கிறது. ஈரக் காற்றில் பட்டு நூல் அறுபடாது. அதற்கப்புறம் நான்கு தறிக்கும் பக்கத்தில் தண்ணீர் பாத்திரம் வைத்தார்கள்.

உட்கார்ந்தார் என்று எழுதினேன். அது அபூர்வம். என் பட்டறைக்கு அவர் எத்தனையோ முறை வந்திருக்கிறார், ஸ்டூலில் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நுனியில் ஒட்டிக்கொண்டு ஒரு காலை ஆட்டுவார். அந்த ஆட்டத்தில் என் மேஜையில் இருக்கிற ஸ்பேனர் எல்லாம் கிலுகிலு என்று பேசும். ஐந்து நிமிஷம் கழித்து எழுந்து லேத்தைச் சுற்ற ஆரம்பிப்பார். டீ வாங்கிக் கொடுத்தால் பாதிதான் உள்ளே போகும், மீதி ஏதாவது ஒரு மிஷின்மேல் ஆறிக்கொண்டிருக்கும். வரேன் மாமா என்பதில் 'வரேன்' எனக்குக் கேட்கும், 'மாமா' தெருவிலிருந்து கேட்கும்.

வெளியூரில் ஒரு பெரிய லேசர் கூடத்தில் அவருக்கு வேலை. காட்பாடி போய் ரயில் பிடித்துப் போவார். அங்கே என்னதான் செய்கிறார் என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் வேலை கொடுப்பதற்காக எனக்கு மட்டும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம் டிராயிங்கோடு வந்தார்.

"மாமா, தறில ஷட்டில் ஓடறப்ப சாதாரண கேமராவுல படம் புடிச்சா எப்பிடி இருக்கும்?"

"கோடு மாதிரி இழுத்துகினு போவும்."

"ஃபிளாஷ் ரொம்ப சின்ன நேரம் அடிச்சா?"

"நிக்கற மாதிரி விழும்."

"அணுவும் ஓடிகினேதான் இருக்கு. அது நிக்கற மாதிரி விழணும்னா எத்தினி சின்ன ஃபிளாஷ் வேணும்னு சொல்லுங்க பாக்கலாம்."

அவரே சொன்னார். ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டாக நறுக்க வேண்டும். அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடி நூறு கோடி துண்டாக நறுக்க வேண்டும். அந்தத் துண்டில் ஒரு சில மட்டும் எரிந்து அணைகிற விளக்கு. அதுவும் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் இல்லை, எக்ஸ்ரே. ஆஸ்பத்திரியில் எலும்புக்கு எடுக்கிறார்களே, அந்த ஜாதி.

அதை உண்டாக்கும் விதத்தையும் சொன்னார். காற்றை எல்லாம் உறிஞ்சிவிட்ட ஒரு பெட்டிக்குள் கண் சிமிட்டுகிற நேரத்துக்கு வாயுவைப் பீய்ச்ச வேண்டும். அதற்குள் லேசரை அடித்தால், வாயு பிய்ந்து எலக்ட்ரான் எல்லாம் தனியாகக் கழன்றுவிடும். அந்த நிலைமைக்குப் பிளாஸ்மா என்று பேர். ஏரியில் எருமை நீந்திப் போனால் பின்னால் அலை கிளம்புகிற மாதிரி, அந்தப் பிளாஸ்மாவில் லேசருக்குப் பின்னால் ஒரு அலை கிளம்பும். அதில் தொற்றிக்கொள்கிற எலக்ட்ரான், ஊர் நீளத்துக்குக் குழாய் போட்டு ஏற்றுகிற வேகத்தை ஒரு அரிசி நீளத்துக்குள் எட்டிவிடும். அப்படிப் போகும்போதே இப்படியும் அப்படியும் உதறிக்கொண்டு போகும். அந்த உதறலில் சிதறுகிற வெளிச்சம்தான் அவருக்கு வேண்டிய எக்ஸ்ரே.

"இதுல நான் எங்க வரேன்?" என்றேன்.

"வாயு வர வாய் நீங்கதான் மாமா. நாசில்."

பித்தளையில் ஒரு குழல். உள்ளே அரை மில்லி கழுத்து, அங்கிருந்து விரிந்து வாயில் இரண்டு மில்லி. வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும் என்றார். நான் ஒரு தையல் மிஷின் ஊசியைத் தீட்டி துளையை அந்தச் சரிவுக்குச் சீவி விரிக்கிற ரீமர் செய்தேன். கம்ப்யூட்டர் மிஷின் வைத்திருக்கிற என் பசங்களே வாயைப் பிளந்தார்கள். வேலை முடிந்தது. முடிந்த பிறகுதான் அது நடந்தது.

பின்பக்க மரையைத் துடைக்க நாசிலை வைஸில், மேஜையோடு பூட்டிய இரும்பு இடுக்கியில், பிடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்து சேத்துப்பட்டிலிருந்து ஒரு தறிக்காரர் வந்து, இது என்ன மேஸ்திரி இத்துனூண்டு என்றார். நான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் ஏறிவிட்டது. பேசிக்கொண்டே கை வைஸின் கைப்பிடியை இறுக்கிவிட்டது. நாசில் வாயின் ஒரு பக்க உதடு இடுக்கில் பட்டு, ஒரு மயிரிழை உள்ளே போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்தது.

இந்த ஊரில் எந்த அளவுக்கருவி என்ன சொன்னாலும் கடைசித் தீர்ப்பு பட்டு இழைதான். முறுக்காத ஒற்றை இழையைப் பீஸின் விளிம்பில் இழுத்துப் பார்ப்போம். மாட்டினால் பிசிறு இருக்கிறது, தறியில் நூலை அறுக்கும். வழுக்கிக்கொண்டு வந்தால் பாஸ். இழுத்தேன், அந்த இடத்தில் மாட்டியது. பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். மறுபடி இழுத்தேன், மாட்டியது. மறுபடி தேய்த்தேன். வழுக்கியது. பாஸ் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பிசிறுதான் போயிருந்தது, நசுங்கல் போகவில்லை. மறுநாள் டாக்டரம்மா வந்து தன் பையிலிருந்து ஒரு பட்டு இழையை எடுத்து அவரும் இழுத்துப் பார்த்தார். நெசவுக்காரர் வீட்டுப் பெண்தானே. வழுக்கியது. "சூப்பர் மாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து போன். நான் அந்த மாதிரிக் குரலை அவரிடம் அதுவரை கேட்டதில்லை.

"மாமா, வந்துடுச்சி! காலைலேர்ந்து ஒவ்வொரு தடவ அடிக்கறப்பவும் ஒரே மாதிரி வருது. எங்க யாருக்கும் இப்பிடி வந்ததே இல்ல. அப்பா தறியிலேர்ந்து ஒரு ஜரிகை கொண்டாந்திருந்தேன், அத்த வெச்சி படம் எடுத்தோம். உள்ள இருக்கற பட்டு இழை தனித்தனியா தெரியுது!"

என் கை, என்றேன். தெரு முழுக்கச் சொன்னேன். டீக்கடையில், நூல் கடையில், பேங்க் வரிசையில். உலகத்திலேயே சின்ன வெளிச்சம் ஆரணி நாசிலில் பிறந்தது என்று சொன்னேன். உலகத்திலேயே என்று அவர் சொல்லவில்லை. நான் சேர்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே லேசர் லேசாக விலகி நாசிலின் உதட்டைச் சுட்டுவிட்டது. வாய் உருகிப்போனது. அது முன்னால் எப்படி இருந்தது என்று இனி எந்தப் பூதக்கண்ணாடியாலும் பார்க்க முடியாது. இன்னும் ஆறு செய்து கொடுங்கள் என்றார். செய்தேன். இந்த முறை யாரோடும் பேசாமல், கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். ஆறும் டிராயிங் மாதிரியே அச்சு அசலாக இருந்தது. ஆறிலும் அந்த வெளிச்சம் வரவில்லை.

வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை பலமாக வருமாம், அடுத்த தடவை ஒன்றும் இருக்காதாம், அதற்கடுத்த தடவை வேறு மாதிரி. இன்னொருத்தராக இருந்தால் இந்த ஆறில் என்ன கோளாறு என்று தேடியிருப்பார். டாக்டரம்மா அந்த முதல் நாளைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு ஏன் நன்றாக வந்தது?

அதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வந்து நிற்பார். மெலிந்துகொண்டே வந்தார். லேத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார், கையில் நோட்டு.

"மொத நாசிலுக்கு பித்தளை எந்தக் கடைல வாங்கினீங்க?"

"எப்பவும் வாங்கற கடைதான்."

"அதே கம்பியா, வேற கம்பியா?"

"அதே கம்பிதாம்மா."

"இன்னா எண்ணெ ஊத்தினீங்க? அன்னிக்கு மழையா? ரீமர் அப்ப புதுசில்ல, இப்ப தேஞ்சிருக்குமா? அன்னிக்கு யாரு வந்தாங்க?"

"யாரும் வரல."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து எவ்வளவு ஜல்தியாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். யாரும் வரவில்லை. என் பொய் ஒரு படித்த பிள்ளையின் நோட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அதற்கப்புறம் அவர் தெருமுனையில் வருவது தெரிந்தாலே நான் பின்வாசல் வழியாகக் கோட்டை மைதானத்துப் பக்கம் போய்விடுவேன். அங்கே பசங்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் நின்றுவிட்டு வருவேன். சோறு இறங்காது. வீட்டுக்காரி சுகர் பார்க்கச் சொன்னாள். எனக்குத் தெரியும், இது சுகர் இல்லை. நசுங்கினதுதான் காரணமா என்று அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நசுங்கின பீஸ் எப்படி நல்ல பீஸைவிட நன்றாக வேலை செய்யும்? நாற்பது வருஷத் தொழிலில் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் வித்தியாசம் என்று கேட்டால் அது ஒன்றுதான் வித்தியாசம். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு அவர் நாசிலைப் பற்றிக் கேட்கவில்லை.

"மாமா, இந்தத் தெருவுல எத்தினியோ லேத் பட்டறை இருந்துச்சின்னு அப்பா சொல்வாரு. எல்லாம் மூடிட்டாங்க. உங்களுது மட்டும் ஏன் நல்லா வந்துச்சி?"

"என் கை."

"கை அவங்களுக்கும் இருந்திச்சில்ல?"

"ஒழைப்பும்மா."

"அவங்க ஒழைக்கலியா?"

கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறார், கால் ஆடுகிறது, ஸ்பேனர் கிலுகிலுக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போ என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. எனக்கும் மூடிவிட்டுப் போன பக்கத்துப் பட்டறைக்காரனுக்கும் என்ன வித்தியாசம் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அவன் என்னைவிட நல்ல வேலைக்காரன். அது இப்போது எழுதும்போதுதான் வருகிறது.

ஐந்து மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். மாதாந்திர பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். தெருவில் ஒரு தறி ஓடவில்லை. ஆரணி அப்படி வாயடைத்து நிற்பது மாதத்தில் அந்த ஒரு பகல்தான். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். முழுசாக உட்கார்ந்தார். கால் ஆடவில்லை.

"மாமா, உங்கள ரொம்ப தொந்தரவு பண்ணிட்டேன். இனிமே வரமாட்டேன். லேசர்ல எங்க முறை இந்த மாசத்தோட முடியுது, அப்புறம் வேற டீமுக்குக் குடுத்துடுவாங்க. அன்னிக்கு நல்லா வந்துச்சின்னு நான் எல்லாருக்கும் சொல்லியிருந்தேனில்ல? அது எதேச்சையா வந்தது, என்னால திரும்பக் காட்ட முடியல, நம்பாதீங்கன்னு திங்கக்கெழம எழுதி அனுப்பப் போறேன்."

"அனுப்பினா இன்னா ஆவும்?"

அப்பாதான் பதில் சொன்னார். "இன்னா ஆவும், ஏழு வருஷம் வேஸ்ட்டு. இது கீழ வேல செய்யற ரெண்டு பசங்க படிப்பும் நின்னுடும். ஒரு தபா வந்ததே போதும், கம்முனு போட்டு உடுன்னா கேக்க மாட்டேங்குது."

"காரணம் தெரியாம வந்தது என்னுது இல்லப்பா" என்றார் மகள். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உங்க நாசில்ல ஒரு கொறையும் இல்ல மாமா. ஏழும் தங்கம். நான்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன். அது இன்னான்னுகூட கண்டுபுடிக்கத் தெரியல எனக்கு."

ஏழும் தங்கம். ஐந்து மாதம் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஏழும் இல்லம்மா" என்றேன். "மொதலாவது நசுங்கினது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் சொன்னேன். வைஸ், சேத்துப்பட்டுக்காரர், என் வாய், கைப்பிடி, பாலிஷ், இழை. சொல்லி முடித்தபோது அப்பாவுடைய முகம் கருத்துவிட்டது. "அடப்பாவி மேஸ்திரி" என்று எழுந்தார். "எம் பொண்ணு சோறு தின்னாம கெடக்குது, நீ அத்த வாயில அடக்கி வெச்சிகினு..."

டாக்டரம்மா அப்பாவின் கையைப் பிடித்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்தப் பக்கம்?"

"வாய்ல, இடது பக்கம். உள்ளாற."

எழுந்துவிட்டார். பையைக் கவிழ்த்தார். திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்திருந்த ஆறு நாசிலும் உருண்டு வந்தது. "இப்ப செய்யுங்க. அதே மாதிரி செய்யுங்க."

"கரண்ட் இல்லியே."

"வைஸுக்கு எதுக்கு கரண்ட்?"

என் வாழ்க்கையில் அந்த மாதிரி ஒரு வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. குறை சொல்ல முடியாத ஒரு பீஸை எடுத்து, தெரிந்தே பாழாக்க வேண்டும். வைஸில் வைத்தேன்.

"எத்தினி சுத்து சுத்தினீங்க?"

"அரை சுத்து இருக்கும்."

"எங்கேர்ந்து அரை? கைப்பிடி எந்த எடத்துல நின்னுச்சி? அப்ப நின்னுகினு இருந்தீங்களா, குனிஞ்சிகினு இருந்தீங்களா?"

"நின்னுகினு. மொகம் வாசப்பக்கம்."

"அப்ப வாசப்பக்கம் பாருங்க. இன்னா பேசிகினு இருந்தீங்க?"

"அது எதுக்கும்மா?"

"நீங்க பேசறப்ப கை வேற மாதிரி இறுக்குது மாமா. நான் பாத்துகீறேன். சொல்லுங்க. அதே மாதிரி சொல்லிகினே இறுக்குங்க."

வாசலில் சேத்துப்பட்டுக்காரர் நின்ற இடத்தில் இப்போது அவருடைய அப்பா நின்றார், என்னைக் கொன்றுவிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டு. அந்த முகத்தைப் பார்த்து நான் சொன்னேன்: "நாப்பது வருஷத்துல என் கை ஒரு பீஸ கெடுத்ததில்ல." கைப்பிடி திரும்பியது. "இன்னும் சத்தமா" என்றார் டாக்டரம்மா. "என் கை ஒரு பீஸ கெடுத்ததில்ல!" உதடு உள்ளே போனது. கைக்குத் தெரிந்தது. பாலிஷ் போட்டேன், இழை இழுத்தேன், வழுக்கியது. ஆறையும் ஆளுக்கொரு அளவாக நசுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லவைத்தார். நாலாவது முறை அப்பா பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்கு நாள் போன் இல்லை. நான் கல்லாவுக்கும் வாசலுக்கும் நடந்தேன். ஐந்தாம் நாள் காலையில் கூப்பிட்டார். மூன்றாவது நாசில். நூறு தடவை அடித்தார்களாம். நூறும் ஒரே மாதிரி.

ஏன் என்பதையும் சொன்னார், எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். வேகமாகப் போகிற பஸ்ஸில் ஓடி ஏறினால் ஒருத்தன் இங்கே ஏறுவான், ஒருத்தன் அங்கே ஏறுவான், கூட்டம் சிதறிப்போகும். வளைவில் பஸ் சட்டென்று வேகம் குறைத்தால், காத்திருந்தவன் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நொடியில் தொற்றிக்கொள்வான். அந்த நசுங்கலில் தடுக்கி வாயு ஓர் இடத்தில் தடித்துச் சட்டென்று மெலிகிறது. அந்த மெலிகிற இடத்தில் அலை ஒரு கணம் வேகம் குறைகிறது. எலக்ட்ரான் எல்லாம் கும்பலாக அங்கேயே ஏறிக்கொள்கிறது. கும்பல் அவ்வளவு குட்டை என்பதால் வெளிச்சமும் அவ்வளவு குட்டை. "வெளிநாட்டுல வாயுவுக்கு நடுவுல வேணும்னே ஒரு பிளேட வெச்சி இப்பிடி தடுக்க விடறாங்க மாமா. நான் படிச்சிகீறேன். நாசில்லியே அது இருக்கும்னு தோணல. இழ வழுக்குச்சேன்னு உட்டுட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை அந்தக் கடிதம் போகவில்லை. அந்த இரண்டு பசங்களும் படிப்பை முடித்தார்கள். டாக்டரம்மா பிறகு வெளிநாட்டில் ஒரு கூடத்துக்குப் போனார், அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டார். தறிகளை விற்றுவிட்டார்கள். போர்டில் இருந்த அந்த வரியை நான் பெயின்ட் அடித்து மறைத்தேன். பசங்கள் ஏன் என்று கேட்டார்கள், வெயிலில் மங்கிவிட்டது என்றேன்.

அவர் கடைசியாகப் பேசியது, இதை எல்லாம் கட்டுரையாக எழுதி அச்சுக்குக் கொடுக்கிற நேரம். உங்களைப் பற்றி ஒரு வாக்கியம் வருகிறது, கேட்டுவிட்டுத்தான் போடுவேன் என்று, இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"'முதல் நாசிலின் விளிம்பு, செய்த பட்டறையில் தவறுதலாக நசுங்கியது. செய்தவர் சொன்னதால் இது தெரியவந்தது.' இவ்ளோதான் மாமா. சரியா?"

முன்னாலாக இருந்தால், தவறுதலாக என்பதை எடுத்துவிடச் சொல்லி மல்லுக்கு நின்றிருப்பேன். அன்றைக்கு வேறொன்று உறுத்தியது.

"சரியில்லம்மா. சொன்னதாலன்னு போட்டா உடனே சொன்ன மாதிரி இருக்குது. அஞ்சி மாசம் கழிச்சி சொன்னேன்னு போடு."

அந்தப் பக்கம் அவர் நடப்பது போனில் கேட்டது.

"போட்டா, ஏன் அஞ்சு மாசம் ஆச்சின்னு கேப்பாங்களே மாமா."

"பயந்துட்டான்னு எழுது."

நடை நின்றது. அடுத்த கேள்வி வரும், எதற்குப் பயம், எப்போதிருந்து பயம் என்று வரும் என்று காதில் போனை அழுத்திக்கொண்டு நின்றேன். பதில்கூட வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"அஞ்சு மாசம்னு மட்டும் போட்டுடறேன் மாமா" என்றார்.